கரைக்குத் தெரிந்ததும் கடலுக்குத் தெரியாததும்: சிறுகதையில் எல்லாம் அறிந்த கதைசொல்லி

மண்டபத்துக்காரி:

வணக்கம். சிறுகதை எழுதுகிறவர்களிடமும் நிறைய வாசிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன்.

நான் எழுதிக்கொண்டிருக்கும் கதை, முன்பு இங்கே சில பக்கங்கள் பகிர்ந்தேனே அதுதான், ஐப்பசி மாதத்தில் ஒரே நாளில் நடக்கிறது. அப்பாவும் மகனும் விடிவதற்கு முன்பே வள்ளத்தில் வடகடலுக்குத் தொழிலுக்குப் போய்விட்டார்கள். காலையில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் கிடையாது என்று அறிவிப்பு வருகிறது. கரையில் இருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். வள்ளத்தில் இருக்கும் இருவருக்கும் தெரியாது, செல்போன் சிக்னல் எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு ஒரு விஷயம் தெரியும்: முந்தின நாள் எஞ்சின் இரண்டு முறை நின்றுபோனது. மகன் வெளிநாடு போக ஏஜெண்டிடம் பணம் கட்டியிருக்கிறான். அது கடன் கொடுத்த மீன் வியாபாரிக்கு மட்டும் தெரியும். அப்பா இந்தப் பருவத்தோடு வள்ளத்தை விற்றுவிடலாம் என்று இருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. யாருக்கு எது தெரியாது என்பதுதான் இந்தக் கதையே. ஒருவர் தலைக்குள் நின்று சொன்னால் மீதி மூன்றும் விழுந்துவிடும். அதனால் எல்லாம் அறிந்த கதைசொல்லியை வைத்து எழுதினேன்.

ஒரு பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. நோக்குநிலை அலைபாய்கிறதாம். ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து அவர் வழியாகவே சொல்ல வேண்டுமாம். எல்லாம் அறிந்த கதைசொல்லி நாவலுக்குத்தான் சரிப்படுமாம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கடற்கரையில் ஒரு சாவு, ஒரு கடன், ஒரு கல்யாணம் எதுவும் ஒருவருடைய விஷயமாக மட்டும் இருப்பதில்லை. அதை ஒருவர் கண்ணால் மட்டுமே பார்க்க வேண்டும் என்பது எப்போது சட்டமானது? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

தொண்டி வாசகன்:

அக்கா, உங்கள் கதைக் கரு நன்றாக இருக்கிறது. ஆனால் நான் அந்தப் பத்திரிகைக்காரர் பக்கம்தான்.

ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் வாசகன் புதிதாக ஒரு ஆளோடு பழக வேண்டியிருக்கிறது. நாவலில் அதற்கு இடம் இருக்கிறது. பத்துப் பக்கக் கதையில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு இரண்டரைப் பக்கம். அம்மாவின் பயத்துக்குள் நான் போய் உட்காருவதற்குள் வியாபாரியிடம் இழுத்துக்கொண்டு போகிறீர்கள், மனசு எதிலும் ஒட்டுவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. எல்லாம் தெரிந்தவர் கதை சொன்னால் அவருக்கு முடிவும் தெரியும். வள்ளம் திரும்புமா இல்லையா என்பதை அவர் கடைசிப் பக்கம் வரை சொல்லாமல் வைத்திருந்தால் என்னிடம் வேண்டுமென்றே மறைக்கிறார் என்று அர்த்தம். அம்மாவின் பார்வையில் சொன்னால் அந்தச் சிக்கலே கிடையாது. அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, இருவரும் சேர்ந்து காத்திருப்போம்.

உச்சிப்புளி வாத்தியார்:

தம்பி, இரண்டாவதாகச் சொன்னது வலுவான வாதம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலாவதை ஏற்க முடியவில்லை.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' சில பக்கக் கதைதான். முதல் வரியிலேயே கதைசொல்லி வாசகரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார். தெருவைக் காட்டுகிறார், மழையைக் காட்டுகிறார், குழாயடியைக் காட்டுகிறார், அம்மாளுவிடம் வருகிறார், கடைசியில் மறுபடி நம்மிடம் திரும்பிக் கோபத்தோடு பேசுகிறார். அந்தக் கதையில் நாம் யாரோடு ஒட்டிக்கொள்கிறோம்? அந்தக் குரலோடுதான். குரல் முதல் வரியிலேயே தன்னைக் காட்டிவிட்டதால் அது எங்கே போனாலும் கூடவே போகிறோம். தங்கச்சியின் கதையில் அலைபாய்வதாகத் தெரிந்தது, என் ஊகப்படி, தலை மாறுவதால் இல்லை. ஆரம்பத்தில் குரல் கேட்கவில்லை, அதனால்தான். அம்மாவின் மனசுக்குள் ஒரு பக்கம் எழுதிவிட்டு, திடீரென்று வியாபாரியின் மனசுக்குப் போனால் எவருக்கும் தடுக்கும்.

நாவலில்தான் இது நடக்கும் என்பதற்கு இன்னொரு மறுப்பு, டால்ஸ்டாய் 1859இல் வெளியிட்ட 'மூன்று மரணங்கள்'. ஒரு பணக்காரப் பெண் சாகிறாள், ஒரு வண்டிக்காரன் சாகிறான், ஒரு மரம் வெட்டுப்பட்டு விழுகிறது. வண்டிக்காரனின் கல்லறைக்குச் சிலுவை செய்யத்தான் அந்த மரம். அந்தப் பெண்ணுக்கு வண்டிக்காரனைத் தெரியாது, மரத்துக்கு இருவரையும் தெரியாது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வெளியே நிற்கும் ஒருவர் வேண்டும். எந்த ஒரு பாத்திரத்தின் கண்ணாலும் அந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

கடலுக்கு வருவோம். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிரேன் 1897இல் எழுதிய 'திறந்த படகு'. கப்பல் மூழ்கி, சின்னப் படகில் நான்கு பேர் ஃபுளோரிடா கரைக்குத் தவிக்கிறார்கள். ஆசிரியர் உண்மையில் அப்படித் தவித்தவர். முதல் வரியில் சொல்கிறார்: அந்த நால்வரில் ஒருவருக்கும் வானத்தின் நிறம் தெரியவில்லை. ஏனென்றால் எல்லார் கண்ணும் வருகிற அலையின் மேல் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள், மோசமான கடலில் மேலே பார்க்கவே மாட்டார்கள். அவர்களுக்குத் தெரியாததை நமக்குச் சொல்லித்தான் அந்தக் கதைசொல்லி அவர்களுடைய பயத்தை உணர்த்துகிறார். படகில் இருந்த ஒருவரே சொல்லியிருந்தால் அந்த வரி வந்திருக்காது.

தொண்டி வாசகன்:

சார், நீங்கள் எடுத்த கதையையே நானும் எடுக்கிறேன். கரையில் ஒரு ஆள் கோட்டைச் சுழற்றிக் காட்டுவான், நினைவிருக்கிறதா? படகில் இருப்பவர்களுக்கு அவன் என்ன சொல்கிறான் என்று புரியவே புரியாது. கதைசொல்லி எல்லாம் தெரிந்தவர் என்றால் ஒரே தாவலில் கரைக்குப் போய் அவன் மனசைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. கடைசி வரை நமக்கும் தெரியாது. வானத்தின் நிறத்தைச் சொன்னவர் கோட்டுக்காரனைப் பற்றி வாய் திறக்கவில்லை. போகப் போக, படகில் இருக்கும் நால்வரில் ஒருவரான நிருபரின் மனசுப் பக்கமே சாய்ந்துவிடுகிறார். கதை என்னைப் பிடித்தது அந்தச் சாய்வால்தான். எல்லாம் தெரிந்தவராகத் தொடங்கி, தன் அறிவைத் தானே சுருக்கிக்கொள்கிறார்.

மண்டபத்துக்காரி:

தம்பி, இது எனக்கு மிகவும் உபயோகமான பதில். ஆனால் கிரேன் படகில் இருந்தவர், அதனால் படகோடு நின்றார். நான் கரையில் காத்திருக்கும் வீட்டில் பிறந்தவள். கோட்டைச் சுழற்றுகிறவர்கள்தான் எங்கள் வீட்டு ஆட்கள். அவர்களை விட்டுவிட்டு என்னால் எழுத முடியாது.

பாம்பன் தம்பி:

நான் கதை எழுதுகிறவன் இல்லை, வாசிக்கிறவன். ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

1964 டிசம்பர் 22 ராத்திரி. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் ரயிலை, ஊரை நெருங்கும் நேரத்தில் கடல் எடுத்துக்கொண்டது. உள்ளே நூறு பேருக்கு மேல். ஒருவரும் பிழைக்கவில்லை. செய்தி உடனே வெளியே வரவும் இல்லை.

எங்கள் பக்கம் இதைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. ஆனால் எல்லாரும் வெளியிலிருந்துதான் பேசுகிறார்கள். பெட்டிக்குள் என்ன நடந்தது என்று சொல்ல ஒரு ஆள் மிச்சமில்லை. அந்த ரயிலைப் பற்றி ஒரு கதை வேண்டுமென்றால் அதை யார் சொல்வது? தான் பார்த்ததாக யாரும் சொல்ல முடியாது. அங்கே எல்லாம் அறிந்த கதைசொல்லியைத் தவிர வேறு வழி இருக்கிறதா? தொண்டி அண்ணன் சொல்லுங்கள்.

கீழக்கரைக்காரர்:

பாம்பன் தம்பி கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம்.

பெட்டிக்குள் இருந்தவர்கள் கடைசி நிமிஷத்தில் என்ன நினைத்தார்கள் என்று எழுத எவருக்கு உரிமை? அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதே கரையில் இருக்கிறார்கள். "அவள் தன் குழந்தையை நினைத்தாள்" என்று எழுதிவிடுவது சுலபம். வாசகர் அழுவார். ஆனால் எழுதியவர் அதை எங்கிருந்து எடுத்தார்? தன் மனசிலிருந்து எடுத்து, செத்துப்போன ஒருத்தி மேல் வைத்தார். சாதாரணக் கதையில் இது தப்பே இல்லை, எல்லாக் கதையும் அப்படித்தான். நிஜமாகச் செத்தவர்கள் என்று வரும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதற்காக அந்தக் கதை எழுதப்படக் கூடாது என்று சொல்லவில்லை. கதைசொல்லி எல்லாம் தெரிந்தவராக இருக்கட்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லட்டும். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியதைச் சொல்லட்டும். பாம்பன் ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்தபோது அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைக்கூடக் கற்பனை செய்யட்டும். பெட்டிக் கதவோடு நிற்கட்டும். தெரிந்தும் உள்ளே போகாமல் நிற்கிறார் என்று வாசகருக்குப் புரிந்தால், எந்த மனவோட்டத்தையும் விட அது கனமாக விழும்.

உச்சிப்புளி வாத்தியார்:

கீழக்கரைக்காரர் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். இந்த விவாதத்தில் இதுவரை வந்ததில் இதுதான் முக்கியமானது. கிரேன் கோட்டுக்காரனிடம் போகாததும் இந்தக் காரணத்தோடு சேரும். எல்லாம் தெரிந்தவர் என்றால் எல்லாவற்றையும் சொல்கிறவர் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எங்கே நுழைவது, எங்கே வாசலோடு நிற்பது என்ற முடிவில்தான் அவர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரிகிறது. குரல் என்று நான் முன்பு சொன்னது இதைத்தான்.

நம் பழைய கவிதையிலும் இந்த விஷயத்தை யோசித்திருக்கிறார்கள். அகப்பாடல்களில் புலவர் தன் வாயால் பேசுவதே இல்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள், வழியில் கண்டவர்கூடப் பேசுவார். யார் யார் எந்தெந்தச் சமயத்தில் பேசலாம் என்று தொல்காப்பியம் வகுத்தே வைத்திருக்கிறது. நம்முடைய கரை நெய்தல் நிலம். பிரிந்து போனவனை நினைத்து இரங்குகிற தலைவியின் குரலாகத்தான் அந்தப் பாட்டுகளில் பல வந்தன. ஒருவர் வழியாக மட்டும் சொல்வது மேலைநாட்டிலிருந்து நேற்று வந்த கட்டுப்பாடு என்று சிலர் பேசுகிறார்கள், அது சரியில்லை. பிறகு காப்பியங்களில் கவி தானே பேசும் கவிக்கூற்று வந்தது. இரண்டும் நமக்குச் சொந்தம்தான். இந்தக் கதைக்கு எது வேண்டும் என்பது மட்டும்தான் கேள்வி.

மூக்கையூரான்:

ஒரு சின்னக் கேள்வி. கதைசொல்லி மனுஷர் அல்லாத உயிருக்குள் போகலாமா? நான் ஒரு ஆவுளியாவின் பார்வையில் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். வலையில் மாட்டிய கடற்பசு. நண்பர்கள் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

தொண்டி வாசகன்:

போகலாம் அண்ணே. ஹெமிங்வே 1936இல் எழுதிய வேட்டைக் கதை ஒன்றில், ஃபிரான்சிஸ் மக்கோம்பர் என்பவனின் கதை, குண்டடி பட்ட சிங்கத்தின் உணர்வுக்குள் போய்விட்டு வருவார். ஓடிப்போகிறவனின் பயத்துக்குப் பக்கத்தில் சிங்கத்தின் வலி வருவதால் அது நிற்கிறது. உங்கள் பத்தி எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். அழகுக்காக மட்டும் என்றால் நண்பர்கள் சொல்வது சரி.

மண்டபத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றி. தொடக்கத்தை மாற்றி எழுதிப் பார்த்தேன். முன்பு அம்மா அடுப்படியில் இருப்பதிலிருந்து தொடங்கியது. இப்போது இப்படி:

"அன்று காலை வடகடல் கலங்கியிருந்தது, தென்கடல் அசையாமல் கிடந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பாம்பனில் கூண்டு ஏறியதைப் பார்த்தவர்கள் வள்ளத்தைப் பார்க்கவில்லை. வள்ளத்தில் இருந்த இருவரும் கூண்டைப் பார்க்கவில்லை. மகன் அந்தக் காலைப்பொழுது முழுக்க வீட்டை நினைக்கவில்லை. அவனுடைய அம்மா வேறெதையும் நினைக்கவில்லை."

குரல் கேட்கிறதா?

பாம்பன் தம்பி:

அக்கா, கேட்கிறது. ஆனால் இரண்டு கடலையும் ஒரே நேரத்தில் பார்த்தவர் இல்லை என்பது எங்கள் ஊரில் நிற்காது. 1988இல் ரோட்டுப் பாலம் திறந்த நாளிலிருந்து பஸ்ஸில் போகிற எல்லாரும் இரண்டு பக்கமும் பார்க்கிறார்கள். நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம்கூட எடுக்கிறார்கள்.

உச்சிப்புளி வாத்தியார்:

தம்பி சொன்னதை அப்படியே கதைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர் இரண்டு கடலையும் பார்க்கிறார், ஆனால் யாரைப் பற்றியும் அவருக்கு ஒன்றும் தெரியாது. உயரத்திலிருந்து பார்க்கும் கதைசொல்லிக்கும் எல்லாம் அறிந்த கதைசொல்லிக்கும் இதுதான் வித்தியாசம். முன்னவர் கேமரா மாதிரி, வெளியே நடப்பதை மட்டும் சொல்வார். பின்னவருக்கு எஞ்சின் நேற்று நின்றது தெரியும், கடன் பத்திரம் தெரியும், விற்க நினைத்த வள்ளம் தெரியும். பஸ் பயணிகளை அந்த இடத்தில் ஒரு வரி வைத்தால், உங்கள் கதைசொல்லி அவர்கள் மாதிரி இல்லை என்று வாசகருக்குத் தானாகப் புரியும்.

கீழக்கரைக்காரர்:

தொடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்று கவனித்தேன். முன்பு இங்கே பகிர்ந்த பக்கங்களில் வியாபாரி வரும்போது "அவர் சொன்னார்", அம்மா வரும்போது "அவள் சொன்னாள்". இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அம்மாவின் பார்வையிலிருந்து சொன்னால் அவருக்கு மரியாதை கொடுப்பது அவளுடைய வழக்கம் என்று விட்டுவிடலாம். எல்லாம் அறிந்தவர் அப்படிச் சொன்னால் அது கதைசொல்லியின் தீர்ப்பு. தமிழில் எழுதுகிறபோது இந்த இடத்தில் நடுவில் நிற்கவே முடியாது, ஒரு பக்கம் எடுத்துத்தான் ஆக வேண்டும். கடற்பாசி எடுக்கப் போகும் பெண், விரலில் துணி சுற்றிக்கொண்டு பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், முங்கி முங்கி எடுக்கிறவள், அவளுக்கு ஒருமை. கரையில் குடை பிடித்து நிற்கிறவருக்குப் பன்மை. இதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

பேச்சுமொழியும் அப்படித்தான். பாத்திரங்கள் நம் கரைப் பேச்சில் பேசுகிறார்கள், கதைசொல்லி சுத்தமான எழுத்துத் தமிழில் சொல்கிறார். அந்த இடைவெளி பெரிதாக இருந்தால் அவர் மேலே உட்கார்ந்து பார்ப்பது போல ஆகிவிடும். கொண்டல், கச்சான், வாடை என்று காற்றுக்கு நாம் சொல்லும் பெயரையாவது அவரும் சொல்லட்டும். வடகிழக்குப் பருவக்காற்று என்று வானொலி மாதிரி வேண்டாம்.

மண்டபத்துக்காரி:

நால்வருக்கும் "அவர்" போட்டுப் பார்த்தேன். மகனுக்கு மட்டும் நிற்கவில்லை, அவனை எல்லாரும் சின்னப்பையனாகவே பார்க்கிறார்கள். அம்மாவுக்கு "அவர்" போட்டதும் கதையே நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்படியே வைக்கப்போகிறேன். தொடக்கத்திலும் "அவனுடைய அம்மா வேறெதையும் நினைக்கவில்லை" என்பது "நினைக்கவில்லை" என்று ஒருமைக்கும் மரியாதைப் பன்மைக்கும் பொதுவாக நிற்பதால் அங்கே மாற்றம் தேவைப்படவில்லை. பஸ் பயணிகளையும் சேர்த்துவிட்டேன்.

இனி தொண்டித் தம்பியின் இரண்டாவது கேள்வி. முடிவு தெரிந்தவர் அதை மறைக்கலாமா?

தொண்டி வாசகன்:

என் கருத்து மாறவில்லை அக்கா. மறைக்கக் கூடாது. எல்லாம் தெரியும் என்று முதல் பத்தியிலேயே காட்டிக்கொண்டவர் வள்ளம் திரும்புவதை மட்டும் கடைசிப் பக்கத்துக்கு ஒளித்து வைத்தால் வாசகன் ஏமாந்ததாக உணர்வான். இரண்டே வழிதான். அம்மாவோடு மட்டும் நில்லுங்கள், அல்லது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மண்டபத்துக்காரி:

சொல்லிவிடலாம் என்றுதான் முடிவு செய்திருக்கிறேன். இரண்டாம் பத்தியில்: "வள்ளம் அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரை ஏறும். இருவரும் உயிரோடு இறங்குவார்கள்." அதோடு சாவு பற்றிய பதற்றம் போய்விடும். மிச்சம் இருப்பது, அந்தப் பகல் முழுக்க அவர்கள் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அம்மாவும் வியாபாரியும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டவை. மகன் வெளிநாடு போகப்போவதை வியாபாரி அந்த நேரத்தில் உளறிவிடுகிறார். ஐந்து மணிக்கு மகன் சிரித்துக்கொண்டு இறங்குகிறான். அம்மாவுக்கு இப்போது தெரியும், அவருக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

தொண்டி வாசகன்:

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உயிரோடு வருவார்கள் என்று முதலில் சொன்னால்தான் இந்த முடிவு வேலை செய்யும், அம்மாவின் பார்வையில் மட்டும் சொல்லியிருந்தால் கடைசியில் நிம்மதிதான் பெரிதாக நிற்கும். சரி, இந்தக் கதைக்கு ஒத்துக்கொள்கிறேன். பொதுவாக ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு சந்தேகம்: அப்பா வள்ளத்தை விற்க நினைப்பதை எங்கே வைக்கிறீர்கள்? அது வேறு யாருக்கும் தெரியவே போவதில்லையே.

மண்டபத்துக்காரி:

எஞ்சின் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு வரியாக வைத்திருக்கிறேன், கதைசொல்லி அதைப் பற்றி மறுபடி பேசமாட்டார். முழுக்கதையையும் திருத்தி முடித்ததும் இங்கேயே போடுகிறேன். கீழக்கரைக்காரர் காற்றுப் பெயர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஐப்பசியில் வடகடலில் எங்கள் வீட்டில் சொல்வதும் உங்கள் பக்கம் சொல்வதும் ஒன்றுதானா என்று தெரிந்தால் நல்லது.